ஓர் இமைப்பின் நீளம்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதினால்தான் நம்புவேன். சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? போர்வை கொடுத்தார்களா?

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு விடுப்பு விண்ணப்பம்தான் எழுதத் தெரியும். "எனக்கு உடம்பு சரியில்லாத காரணத்தால்" என்று ஆரம்பித்து ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனால் வேறு வழியில்லை. சிறைக்கு வந்து பார்க்கப் பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டுமாம். அம்மாவால் மூச்சு வாங்காமல் நம் மாடிப்படியைக்கூட இறங்க முடியாது.

அம்மாவிடம், "வண்டி இடிச்சிடுச்சும்மா, ஆள் உயிரோட இருக்கார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஏணி தூக்கிக்கொண்டு போன பெயின்டருக்கு இடுப்பிலும் காலிலும் எலும்பு முறிந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

போலீஸ்காரர் என்னிடம் கேட்டார்: "டிரைவர் பக்கத்துல நீதானே உக்காந்திருந்த? என்ன பாத்த?" எனக்கு வாய் திறக்கவில்லை. பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாளே முதலாளி ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு நம் அறைக்கு வந்தார். நம் லாண்டிரியின் வக்கீல்தான் இனி உனக்கும் வக்கீலாம். "நீ ஒருத்திதாம்மா சாட்சி. அவசரமில்ல, நல்லா ஞாபகப்படுத்திக்க" என்றார் வக்கீல். முதலாளி சுவரைத் தொட்டுப் பார்த்து, "கீழ பாய்லர் ஓடுறதால சூடா இருக்கு. குளிர்காலத்துக்கு நல்ல அறைதான், இல்ல?" என்றார். நாம் இங்கே குடிவந்த பிறகு அவர் உள்ளே காலெடுத்து வைத்தது இதுதான் முதல் தடவை.

போன மாதம் நின்றுபோன டிரைவருக்குப் பதில் இன்னும் ஆள் போடவில்லை. இப்போது நீயும் இல்லை. வண்டி மூக்கு நசுங்கி வாசலில் நிற்கிறது. துணி மூட்டைகள் உள்ளேயே குவிந்து கிடக்கின்றன.

உடனே பதில் எழுது.

நீ கூப்பிடுகிறபடியே கையெழுத்துப் போடுகிறேன்,
வாயாடி


பிப்ரவரி 15

வாயே திறக்காத என் வாயாடிக்கு,

உன் அண்ணன் சுகம். இது என் கைதான், கோழி கிறுக்கினதைப் பார்த்தாலே தெரியும். போர்வை உண்டு. நம் லாண்டிரியில் வெளுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெள்ளையாக இருந்திருக்கும். அம்மாவின் மூச்சு எப்படி இருக்கிறது? தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்.

கடிதங்களை இங்கே பிரித்துப் படித்த பிறகுதான் கொடுக்கிறார்கள். நம் மொழி தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஐயா, என் தங்கையின் கையெழுத்து அழகாக இருக்கிறதல்லவா? (இந்த வரி அவருக்கு.)

என் அறையில் இன்னொருவர் இருக்கிறார். வெளியே ஏலம் போடுகிறவர். இல்லாத பொருளை ஏலம் விட்டதற்காக உள்ளே வந்திருக்கிறார். எல்லாரும் அவரை "ஏலம்" என்றே கூப்பிடுகிறோம். சாப்பாட்டுத் தட்டு வந்தால்கூட "ஒரு தரம், ரெண்டு தரம்" என்பார். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆள் திடீரென்று குறுக்கே வந்தாரா, இல்லை நான் கவனிக்காமல் ஓட்டினேனா, வழக்கே இவ்வளவுதான் என்கிறார் வக்கீல். திடீரென்று வந்தார் என்றால் நான் வீட்டுக்கு வருவேன். இல்லையென்றால் சிறை, அதற்குப் பிறகும் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும் சொல்?

நான் எதையும் மறைக்கவில்லை. சாலை காலியாக இருந்தது. அடுத்த கணம் கண்ணாடி முழுக்க ஏணி. இடையில் ஒன்றுமே இல்லை. அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

இந்த ஊர் நீதிபதிக்கு நம் மொழி தெரியாது. மொழிபெயர்க்க ஆள் உண்டு. ஆனால் அந்த ஆள் நாம் சொல்வதை ஊறவைத்து, பிழிந்து, சுருங்கின பிறகுதான் கொடுப்பாராம். அதனால் முக்கியமான அந்த ஒரு வார்த்தையை நீயே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் நல்லது என்கிறார் வக்கீல்.

ஏலத்திடம் கேட்டேன். இவ்வளவு சின்ன நேரத்துக்கு ஆங்கிலத்தில் இத்தனை வார்த்தையா என்று அசந்துபோனேன். கடைக்காரர்கள் "ஜிஃபி" என்பார்களாம், உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதற்கு. டெலிபோனில் காக்க வைக்கிறவர்கள் "மொமென்ட்" என்பார்கள். "ஃப்ளாஷ்" என்றால் மின்னல் அடிக்கிற நேரம். "ஸ்னாப்" என்றால் விரலைச் சொடுக்குகிற நேரம். "ஸ்ப்ளிட் செகண்ட்" என்றால் ஒரு வினாடியை விறகு மாதிரிப் பிளந்து, அதில் ஒரு சிராய். "இன்ஸ்டன்ட்" கொஞ்சம் படித்தவர்கள் வார்த்தையாம். ஏலத்துக்குப் பிடித்தது "ப்ளிங்க்", கண் இமைக்கிற நேரம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பழகு. நீதிமன்றத்தில் வாயைத் திறந்து சொல், அது போதும்.

உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் எழுத்தைப் பார்த்தபிறகுதான் நீ சுகம் என்று நம்பினேன். அம்மா இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறாள். மூச்சு பரவாயில்லை. உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஏலக்காரர் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். சிரித்தாள்.

வார்த்தைகளைப் பழகுகிறேன். வேலை செய்கிற இடத்திலேயே பழகுகிறேன். சூடான உருளைகளுக்கு நடுவே போன படுக்கை விரிப்பு மறுபக்கம் நாக்கு நீட்டுகிறதே, அப்போது அதன் இரண்டு முனையையும் பிடித்துவிட வேண்டும். அது ஸ்னாப். உலர்த்தும் எந்திரத்தின் கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கிறதே, அது ஃப்ளாஷ். தொட்டவுடன் விரல் சுடுவது ஸ்ப்ளிட் செகண்ட். உலர்த்தும் எந்திரத்தின் வட்டக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன். எந்திரம் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் நன்றாகவே வருகிறது.

இஸ்திரி அக்கா மட்டும் கவனித்துவிட்டாள். "என்னடி, எந்திரத்துக்குக் கதை சொல்றியா?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். "ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பாடா? நான் ஒரு நாளைக்குப் பேசுறதுல பாதிய உனக்குக் கடனாத் தர்றேன், எடுத்துக்க" என்றாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நிஜமாவே அவ்ளோ சீக்கிரமாவா ஆச்சு?" என்று கேட்டாள். நான் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

வக்கீல் வந்து ஒத்திகை பார்த்தார். முதலாளியின் அறையில், முதலாளி எதிரிலேயே. வக்கீலுக்கு நீ எழுதிய வார்த்தைகள் போதவில்லை. அவர் கொடுத்த வார்த்தை "டார்ட்". தவளை பூச்சியைப் பார்த்ததும் நாக்கு பாய்கிறதே, அப்படிப் பாய்வதாம்.

"அவர் என்ன பண்ணினார்?" என்று கேட்டார்.

"டார்ட்" என்றேன்.

"சத்தமா."

"டார்ட்."

"இது எறும்புக்குக் கேட்டிருக்கும். நீதிபதிக்கு?"

முதலாளி சிரித்தார். "விடுங்க சார், நல்ல பொண்ணு. நேரம் வந்தா சொல்லும். அவ அம்மாவுக்கும் அந்த அறை பழகிப் போச்சு, இல்லம்மா?" என்றார்.

அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அன்றைக்குக் காலையில் நீ வீட்டுக்கு வரவில்லை. அதற்கு முந்தின இரவும் நீதான் ஓட்டினாய். கடைசியாக எப்போது தூங்கினாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாயாடி


மார்ச் 8

என் வாயாடிக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறாய்? இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் பார்த்தால் தூக்கம் குறையத்தான் செய்யும். மூட்டை ஏற்றும்போது எங்கேயாவது சாய்ந்திருப்பேன். லாண்டிரிக்கு வந்த நாள் முதல் அப்படித்தானே ஓட்டுகிறேன்? ஒரு கீறல் விழுந்திருக்கிறதா வண்டியில்? அன்றைக்கும் முழித்துக்கொண்டுதான் ஓட்டினேன். மழை விட்டிருந்தது, கண்ணாடி துடைப்பானை நிறுத்தினேன், நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய், பாலத்திலிருந்து இறங்கினோம், சாலை காலி. எல்லாம் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. சாலை காலி. பிறகு ஏணி.

இந்தக் கேள்வியை வேறு யாரிடமும் கேட்காதே. கடிதத்திலும் வேண்டாம்.

நீ கவலைப்படக் கூடாது என்றுதான் எழுதாமல் இருந்தேன். கனவில் தினமும் அதுவே வருகிறது. கனவிலும் அப்படித்தான், சாலை, உடனே ஏணி. நடுவில் பார்க்க முயற்சி பண்ணுகிறேன். ஒன்றும் கிடைப்பதில்லை.

"டார்ட்" நல்ல வார்த்தை என்கிறார் ஏலம். சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் நன்றாகத் தட்ட வேண்டுமாம். பழகு. அம்மாவுக்கு மருந்து தீர்வதற்கு முன்னாலேயே வாங்கி வை.

அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு இடையில் மூச்சு அதிகமாகி, இப்போது தணிந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. உனக்குக் கனவு நின்றதா?

நான் பெயின்டரைப் பார்த்தேன்.

திட்டம் போட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் நம் லாண்டிரிக்குத்தானே வருகின்றன. தள்ளுவண்டியோடு போகிற பெண் வராததால் என்னை அனுப்பினார்கள். விரிப்புகளை வார்டு வாசலில் இறக்கிவிட்டு வந்திருக்கலாம். உள்ளே எட்டிப் பார்த்தேன். கால் மேலே கட்டித் தொங்க, நகக் கண்களில் இன்னும் நீலப் பெயின்ட்டோடு அவர் படுத்திருந்தார். அவர் மனைவி போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். அவர் மேல் கிடந்தது நான் மடித்த விரிப்பு. மடிப்பின் கோடு இன்னும் போகவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே பேசினார். படுத்தே கிடப்பவர்களுக்கு யார் வந்தாலும் பேச வேண்டும் போலிருக்கிறது.

"ஏணி தூக்கிட்டுப் போறவன் திடீர்னு எப்படிம்மா வர முடியும்? முதல்ல ஏணியோட மூக்கு வரும். அதுல சிவப்புத் துணி கட்டியிருக்கேன், ஜனங்க கண்ணுல படணும்னு. அப்புறம் ஏணி வரும். வரும், வரும், வந்துக்கிட்டே இருக்கும். கடைசியிலதான் நான் வருவேன்."

அவர் மனைவி, "ஆமா, நம்ம கல்யாணத்துக்கும் அப்படித்தான் வந்தார். முதல்ல சொந்தக்காரங்க எல்லாரும், கடைசியா இவரு" என்றாள். அவர் சிரித்தார். இடுப்பில் வலித்ததும் நிறுத்திக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "ஆனா அந்த லாண்டிரி வக்கீல் வந்து, நான்தான் குறுக்க பாஞ்சேன்னு எழுதியிருக்காங்கன்னார். ஏதோ இங்கிலீஷ் வார்த்தை சொன்னார். அதனால எனக்கு ஒண்ணும் கிடைக்காதாம். ராவும் பகலும் கூரையப் பாத்துக்கிட்டே யோசிக்கிறேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. பாஞ்சேனோ?"

அவர் மனைவி உதறிக்கொண்டிருந்த போர்வையைக் கீழே போட்டாள். "நீ பாயலய்யா" என்றாள். "நீ சோத்துக்கே பாஞ்சது கிடையாது."

அவர் இன்னொன்றும் சொன்னார். அதை இப்போது எழுதவில்லை.

கவனமாக இரு.

வாயாடி


ஏப்ரல் 11

தங்கைக்கு,

அம்மாவின் மூச்சு தணிந்தது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்.

உன்னை யார் அங்கே போகச் சொன்னது? எதிர்க் கட்சி ஆளிடம் சாட்சி போய் நிற்கலாமா? வக்கீலுக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வார். அந்த ஆளுக்கு அடிபட்டதில் எனக்கு மட்டும் சந்தோஷமா? தினமும் அவரை நினைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். ஆனால் அவர் சொல்வதுபோல ஏணி "வந்துக்கிட்டே" இருந்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேனா? எனக்கென்ன கண் இல்லையா? நான் என்ன மனிதன் மேல் வண்டியை ஏற்றுகிறவனா?

நீ யார் பக்கம்?

விசாரணை மே மாதம் ஆறாம் தேதி. வக்கீல் உன்னை அழைத்து வருவார். சொல்லிக் கொடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு.

அண்ணன்


ஏப்ரல் 25

என் வாயாடிக்கு,

பதில் இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், மறந்துவிடு. அம்மா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? எனக்கு இருமல், வேறொன்றுமில்லை.

தபால்காரர் வரும்போதெல்லாம் ஏலம், "தங்கச்சி கடிதம், ஒரு தரம்" என்பார். இப்போது அவரும் சொல்வதில்லை. ஒன்றும் எழுத வேண்டாம், வெறும் தாளையாவது அனுப்பு. நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

அந்த ஆள் இன்னொன்று சொன்னார் என்று எழுதியிருந்தாய். அது என்ன?

அண்ணன்


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமலுக்கு வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி. அம்மா இன்று எழுந்து உட்கார்ந்து தானே தலை வாரிக்கொண்டாள். நான் சுகம்.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர் படிக்கட்டும். எப்படியும் ஆறாம் தேதி எல்லார் முன்னாலும் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பாலத்திலிருந்து இறங்கினபோது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாய். சரிதான். பிறகு உன் பக்கம் திரும்பினேன். அம்மாவுக்கு மருந்து வாங்க வண்டியை நிறுத்தச் சொல்லத்தான் திரும்பினேன். உன் கண் மூடியது. இமைக்கிறாய் என்று நினைத்தேன். எல்லாரும் இமைக்கிறோமே. திறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீ எப்போதும் என்னைக் கேலி செய்வாயே, ஒரு வார்த்தை பேச இத்தனை முகூர்த்தம் பார்ப்பவள் என்று.

கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி வந்தது. இப்போது திறப்பாய் என்று நினைத்தேன். ஏணி வந்தது. வந்துகொண்டே இருந்தது, அவர் சொன்னதுபோலவே. உன் கை ஸ்டீயரிங்கில் சரியாக இருந்தது, முகம் சாலையைப் பார்த்தே இருந்தது. அதனால்தான் எனக்கு விளங்கவில்லை. பிறகு பெயின்டர் வந்தார். வண்டியைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லி ஒரு கையைத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் சொன்ன அந்த இன்னொன்று இதுதான்: "நீ வண்டிக்குள்ள இருந்த பொண்ணுதானே? நீ என்னப் பாத்தே. நானும் உன்னப் பாத்தேன்."

இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நேரம் இருந்தது, அண்ணா.

"அண்ணா" என்றேன். என் குரல் உனக்குத் தெரியுமே. எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்தினேன். அப்போதுதான் கண்ணைத் திறந்தாய். நீ பார்த்த ஏணி அதுதான்.

நீ பொய் சொல்லவில்லை. உனக்குச் சாலை முடிந்த இடத்தில் ஏணி ஆரம்பித்தது. நடுவில் ஒன்றுமில்லை என்று எழுதினாயே, கனவிலும் தேடுகிறேன் என்றாயே. அது உன்னிடம் கிடைக்காது. என்னிடம்தான் இருக்கிறது.

ஏலக்காரர் கொடுத்த வார்த்தைகள் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குப் போட்டுப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. சின்னக் குழந்தையின் சட்டையைப் பெரிய ஆளுக்குப் போட்டதுபோல இருக்கிறது.

பெயின்டர் பாயவில்லை என்று சாதிக்கிற அவர் மனைவிக்காக மட்டும் நான் இதைச் சொல்லப் போவதில்லை. உன்னைத் தூங்கவிடாமல் ஓட்ட வைத்தவர், அம்மாவுக்கு இந்த அறை பழகிப் போச்சு இல்லையா என்று என்னையே கேட்கிறார். சொன்னால் அறை போகும், என் வேலை போகும், நீயும் வர மாட்டாய். எல்லாம் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையணையை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "அவன் சின்னப் பிள்ளையிலயும் சோறு வாயில இருக்கும்போதே தூங்கிடுவான்" என்றாள்.

நீ வேண்டாம் என்று எழுதினாலும் சொல்வேன். எழுதாமலும் இருக்காதே.

உன் தங்கை


மே 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே அம்மா சுகம், நான் சுகம்.

தீர்ப்பை இஸ்திரி அக்காவின் தம்பி போய்க் கேட்டுவந்து சொன்னார். அடுத்த வருஷம் மழை தொடங்கும்வரை உனக்குச் சிறை. லைசென்ஸும் போய்விட்டது. ஆட்களை ஓய்வில்லாமல் ஓட்ட வைத்ததாக முதலாளி மேல் தனியாக வழக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். பெயின்டருக்கு அவர்தான் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டுமாம்.

அறையைக் காலி செய்துவிட்டோம். இஸ்திரி அக்கா தன் வீட்டு முன்னறையைக் கொடுத்திருக்கிறாள். அவள் பேசுகிற பேச்சில் அம்மாவுக்கு மூச்சு வாங்கவே நேரமில்லை. அவளும் அங்கே வேலையை விட்டுவிட்டாள். இப்போது இருவரும் வீட்டிலேயே துணி வாங்கித் தேய்க்கிறோம்.

விசாரணையின்போது உன் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்றுகூடத் தெரியாது. உனக்கு என்மேல் கோபம் இருந்தால் கோபத்தையாவது எழுது.

உன் தங்கை


ஜூலை 2

என் வாயாடிக்கு,

இருமல் போய்விட்டது. வேறு குறையில்லை. அம்மாவின் கையை என் சார்பில் ஒரு தடவை பிடித்துக்கொள்.

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ ஏப்ரல் கடைசியில் எழுதிய கடிதத்தை நான் நம்பவில்லை. கிழித்தேன். மூணு மாதத்தில் தங்கச்சியை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று ஏலத்திடம் சொன்னேன். அவர் துண்டுகளைப் பொறுக்கி வைத்தார்.

நீ என் பக்கம் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு நேர் எதிரில்தான் இருந்தேன். உனக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

நீ எழுந்து நின்றாய். "என் அண்ணன் தூங்கிட்டார்" என்றாய். மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் நம் வக்கீல் துள்ளி எழுந்தார். கண் இமைப்பதைத் தூக்கம் என்று இந்தச் சிறுமி நினைத்துவிட்டாள், வெறும் ப்ளிங்க் அது என்றார். உடனே நீதிபதி உன்னிடம் கேட்டார், எவ்வளவு நேரம் கண் மூடியிருந்தது என்று. நீ பதில் சொல்லவில்லை. வழக்கம்போல வாயடைத்துவிட்டாய் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் நீ கையைத் தூக்கி ஸ்டீயரிங் பிடிப்பதுபோல வைத்தாய். முகத்தை நேராக வைத்தாய். கண்ணை மூடினாய்.

எல்லாரும் உன்னையே பார்த்தோம். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கண்ணைத் திறப்பாய் என்று பார்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நீதிபதி கையைக் காட்டினார், அவர் உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. நீ திறக்கவில்லை. பின்வரிசையில் பெயின்டரின் மனைவி முந்தானையை வாயில் வைத்தாள். ஏலமாக இருந்தால் மூன்று தரமும் சொல்லி, சுத்தியலைத் தட்டி, அடுத்த பொருளைத் தூக்கிக் காட்டியிருப்பார். நீ திறக்கவில்லை. வெளியே ஒரு வண்டி கியர் மாற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவது கேட்டது. யாராவது அவளை எழுப்புங்கள், யாராவது எழுப்புங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு எழுந்தேவிட்டேன். காவலர் என் தோளை அழுத்தினார்.

அப்போதுதான் கண்ணைத் திறந்தாய்.

அவ்வளவு நேரமாடி?

அன்றிலிருந்து கனவில் ஏணி வருவதில்லை. நீதான் வருகிறாய், கண்ணை மூடிக்கொண்டு. நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காத்திருக்கிறேன்.

பெயின்டர் கால் ஊன்றி நடக்கிறாரா? போய்ப் பார்த்துவிட்டு எழுது. நான் அவரைப் பார்க்கவே இல்லை என்று அவரிடம் சொல். நீங்கள் பாயவில்லை, நான்தான் உங்களைப் பார்க்கவில்லை என்று என் வார்த்தையாகவே சொல். எறும்புக்குக் கேட்கிற மாதிரி இல்லாமல், கொஞ்சம் சத்தமாக.

உன் அண்ணன்